தளியிலிருந்து ஒகேனக்கல் வரை நடந்து முடிச்சாச்சு. நடுவுல பஸ் ஏறினது கணக்குல வருமா?

ராயக்கோட்டையான்

பொங்கல் லீவோட சொந்த லீவையும் சேர்த்துப் போட்டு கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில ஆரம்பிச்சேன். தேன்கனிக்கோட்டை, அய்யூர், மேல ஏறி பெட்டமுகிலாளம், திரும்ப இறங்கி அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், கடைசியா ஒகேனக்கல். நேத்து சாயங்காலம் வந்து சேர்ந்தேன். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல போட முடியல, ஆனா மனசு நல்லா இருக்கு.

ரூட் முழுக்க தார் ரோடும் ஊர்க்காரங்க நடக்கிற வண்டிப்பாதையும்தான். காட்டுக்குள்ள புகுந்து எங்கயும் வழி தேடல. ராத்திரி தங்கினது சொந்தக்காரங்க வீடு, கோயில் மண்டபம், ஒரு இடத்துல மாட்டுக்கொட்டகைத் திண்ணை. எங்கயும் யாரும் "எதுக்குப்பா வந்த"ன்னு கேக்கல. "சாப்ட்டியா"ன்னுதான் கேட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நாட்றாம்பாளையம் தாண்டி ஒகேனக்கல் போற காட்டு ரோட்டுல, வனத்துறை வாட்சர் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்திட்டார். குட்டியோட ஒரு யானைக் கூட்டம் ரோட்டை ஒட்டியே மேயுது, நடந்து போகாதீங்க, பின்னால பஸ் வரும், ஏறிக்கோங்கன்னார். ஏறிட்டேன். ஒகேனக்கல் வீடுங்க தெரிய ஆரம்பிச்ச இடத்துல இறங்கி மிச்சத்தை நடந்தேன்.

முழு நடைன்னு இதைச் சொல்லிக்கலாமா? கூட வேலை செய்யறவன் ஒருத்தன் "அப்ப முடிக்கல"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டான். அதுலேர்ந்து அரிச்சுகிட்டே இருக்கு.

ஓசூர் நைட்ஷிப்ட்

வாழ்த்துகள் ப்ரோ. ஆனா உங்க ஃப்ரெண்டு சொன்னதுதான் சரி. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நடுவுல கால் வலிக்குதுன்னு ஆட்டோல ஏறி ரெண்டு லிங்கம் தாண்டி இறங்கினா எங்க பாட்டி அதைக் கிரிவலம்னே ஒத்துக்க மாட்டாங்க. மறுபடி ராஜகோபுரத்துலேர்ந்து ஆரம்பின்னுவாங்க. நடைன்னா கால் தொடர்ச்சியா மண்ணுல படணும். விட்ட இடத்துலேர்ந்து பிடிச்சா முழு நடை, இல்லன்னா அருமையான டூர்.

கோவிச்சுக்காதீங்க, கேட்டதால சொல்றேன்.

அஞ்செட்டிப் பக்கம்

நைட்ஷிப்ட் தம்பி, கிரிவலப் பாதையில குட்டி போட்ட யானை நிக்காது.

அந்த வாட்சர் சொன்னதைக் கேட்டது நல்லது. வருசா வருசம் ராகி முத்தற நேரத்துக்கு கர்நாடகா பன்னேர்கட்டா காட்டுலேர்ந்து கூட்டம் கூட்டமா ஜவளகிரி வழியா இந்தப் பக்கம் இறங்குது. அறுப்பு முடிஞ்ச பின்னாடியும் உடனே திரும்பிப் போகாது. எங்க ஊர்ல தை மாசம் வரைக்கும் காவல் பரண் மேல ஆள் தூங்காம கிடக்கோம். சோலார் வேலி இருக்கு, அகழி வெட்டியிருக்கு, பட்டாசு இருக்கு. எல்லாத்தையும் அது கத்துகிடுச்சு. காஞ்ச மரத்தைத் தள்ளி கம்பி மேல சாய்ச்சுட்டு தாண்டி வரதைக் கண்ணால பாத்திருக்கேன்.

ரோட்டுல நடக்கிறவங்களுக்கு நான் சொல்றது ரெண்டு விஷயம். யானை போட்ட லத்தியை, அதான் சாணியைப் பாருங்க. மேல காஞ்சு உள்ள ஈரமா இருந்தா ராத்திரி போனது. பளபளன்னு ஈரம் காயாம இருந்தா, பக்கத்துல ஒடிச்சுப் போட்ட கிளையில பால் வடிஞ்சா, மேல நடக்காதீங்க, வந்த வழியே திரும்புங்க. ரெண்டாவது, காதுல பாட்டு மாட்டிகிட்டு நடக்காதீங்க. யானை அவ்வளவு பெரிய உடம்பு, நடக்கிறது கேக்காது. கிளை முறியறது, வயித்துல உருமுறது, குட்டி கத்தறது, இதுதான் கேக்கும். கூட்டத்தைவிட ஒத்தையா நிக்கிற ஆண் யானைகிட்ட இன்னும் தள்ளி இருக்கணும்.

பஸ்ஸு ஏறினதைப் பத்தி எங்க ஊர்ல யாரும் கேக்கவே மாட்டாங்க. பஸ்ஸு வந்தா ஏறுவோம், வரலைன்னா நடப்போம்.

பென்னாகரம் டீச்சர்

தம்பிக்கு வாழ்த்து. பென்னாகரம் பக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இழையைப் படித்ததும் கோட்டூர் மலை நினைவுக்கு வந்தது. வட்டுவனஅள்ளி ஊராட்சியில் கோட்டூர், ஏரிமலை, அலகட்டு என்று மலை மேல் ஊர்கள். 2019 தேர்தலில் கோட்டூர் வாக்குச்சாவடிக்கு மின்னணு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. செய்தித்தாளில் படம் வந்தது, எல்லாரும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். அப்போதெல்லாம் அந்தப் பாதையில்தான் ரேஷன் அரிசி ஏறும், பிரசவ வலி எடுத்தவளை டோலி கட்டி இறக்குவார்கள்.

மலையிலிருந்து இறங்கி வந்து படித்த பிள்ளைகள் சிலருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். முதல் பீரியடில் தூங்குவார்கள். புதிதாக வந்த ஆசிரியர்கள் திட்டுவார்கள். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாய் என்று கேட்டுவிட்டுத் திட்டுங்கள் என்பேன்.

எனக்கு ஒரு சந்தேகம். பெண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இந்த வழியில் நடந்தால் தங்க இடம் கிடைக்குமா? கழிவறை என்ன ஏற்பாடு? நடை பற்றி எழுதும் ஆண்கள் யாரும் இதை எழுதுவதில்லை.

காகிதப்புலி

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லவில்லை என்பதால் நான்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி சுற்றியுள்ள காப்புக்காடுகளில் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 504.33 சதுர கி.மீ. 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது, அது சுமார் 686 சதுர கி.மீ. இரண்டுமே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில்தான் இருக்கின்றன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது. ஆனால் அதே பிரிவு சில பேருக்கு விலக்கு தருகிறது. உள்ளே நிலம் வைத்திருப்பவர், பணியில் இருக்கும் அரசு ஊழியர், அப்புறம் பொதுச்சாலை வழியே கடந்து போகிறவர். ஆக, ராயக்கோட்டையான் ரோட்டில் நடந்தது குற்றமில்லை. ரோட்டைவிட்டு ஓடைக்குள் குறுக்கு வழியில் இறங்கியிருந்தால் குற்றம். வாட்சர் நிறுத்தியது சட்டத்தைக் காட்டி அல்ல, உயிரைக் காட்டி. அதற்கு மறுப்பு சொல்வது புத்திசாலித்தனமும் அல்ல.

காட்டுப் பாதையில் நடக்க ஆசை இருப்பவர்கள் முறையாகப் போகலாம். 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீ வந்து 23 பேர் இறந்தபின் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கினார்கள், 14 மாவட்டங்களில் 40 பாதைகள். கிருஷ்ணகிரியில் குத்திராயன் சிகரமும் அய்யூர் – சாமி ஏரியும் அதில் இருந்தன. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். குத்திராயன் இங்குள்ள மேலகிரி மலைத்தொடரிலேயே உயரமானது, ஏறத்தாழ 1,400 மீட்டர். ஒரே நாளில் ஏறி இறங்கும் நடை அது, ராயக்கோட்டையான் போன மாதிரி ஊர் ஊராகக் கடக்கும் நடை இல்லை.

ராயக்கோட்டையான்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் கேட்டதுக்கு முதல்ல. தேன்கனிக்கோட்டையில லாட்ஜ் இருக்கு. அஞ்செட்டியில தெரிஞ்சவங்க மூலமா கேட்டுப் போனா நல்லது. மலை ஊர்கள்ல வீட்டுலதான் தங்கணும், அந்த வீட்டுப் பொம்பளைங்க கிட்ட முதல்ல பேசிட்டா எல்லாம் சரியாயிடும். பொதுக் கழிப்பறையை நம்பாதீங்க. கட்டடம் நிக்கும், தண்ணி இருக்காது. பள்ளிக்கூடம் நடக்கிற நாளா இருந்தா அங்க கேக்கலாம். லீவு நாள்ல பூட்டிருக்கும், நான் போனது லீவுல.

நடையைப் பத்தி ரெண்டு பேரு தனி மெசேஜ்ல கேட்டாங்க, அதனால இங்கயே எழுதறேன்.

தளி பக்கம் காலையில பனி. எட்டு மணிக்கு மேலதான் எதிர்ல வர்ற வண்டி தெரியுது. ரோஜாத் தோட்ட பசுமைக்குடில், முட்டைக்கோஸ், பீன்ஸ்னு பச்சைப் பசேல்னு போகும். பேச்சுல பாதி கன்னடம், கொஞ்சம் தெலுங்கு. வழி கேட்டா மூணு மொழியில பதில் வரும், மூணும் ஒரே பக்கம் கை காட்டாது. தேன்கனிக்கோட்டை தாண்டினா நிலம் மாறுது. ராகி, கொள்ளு, அவரை. தார் ரோட்டுல கதிரைப் பரப்பிப் போட்டிருக்காங்க, போற வர்ற லாரி, பஸ்ஸு டயர்தான் போரடிக்குது. அது மேல நடக்கும்போது சாக்கிரதை. காஞ்ச தாள் தார் மேல வழுக்கும், அடியில மணி உருளும், காலை அழுத்தி வெச்சா நழுவும். ஓரமா உக்காந்திருந்த பாட்டி ஒண்ணு, "வழுக்குதுன்னு பயப்படாத, நல்லா மிதிச்சுகிட்டு போ, எனக்கு வேலை குறையும்"னு சொல்லிச்சு. மிதிச்சுகிட்டுதான் போனேன்.

ஏத்தம் கஷ்டம்னு நினைச்சுகிட்டுத்தான் கிளம்பினேன். பெட்டமுகிலாளம் ஏறும்போது மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான். உயிரை வாங்கினது இறக்கம். ஓசூர் மேட்டுநிலம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். அங்கேர்ந்து காவிரிக் கரைக்கு இறங்கணும்னா படிப்படியா எல்லா உயரத்தையும் முட்டிதான் கொடுக்கணும். அஞ்செட்டி மலை ரோட்டுல ஒவ்வொரு வளைவுலயும் கால் பெருவிரல் ஷூ முனையில போய் இடிக்குது. அதோட வெயிலும் ஏறுது. மேல ஸ்வெட்டர் போட்டவன் கீழ துண்டை நனைச்சுத் தலையில போட்டுகிட்டேன். தொட்டல்லா ஆத்துப் பாலத்துல நின்னப்ப கீழ தண்ணி அங்கங்க குட்டையாத்தான் நின்னுச்சு.

சாப்பாட்டுக்குக் குறையில்ல. ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். காலையில களி சாப்பிட்டுக் கிளம்பினா மத்தியானம் வரைக்கும் பசிக்கல. பையில எடுத்துட்டுப் போன எனர்ஜி பார் எல்லாத்தையும் குழந்தைங்களுக்குக் கொடுத்துட்டேன்.

பிலிகுண்டு பிரியற இடத்துல கொஞ்ச நேரம் உக்காந்தேன். கர்நாடகா நமக்கு வருசத்துக்கு 177.25 டிஎம்சி விடணும்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன காவிரித் தண்ணியை அளக்கிறது பிலிகுண்டுலதான். டிவியில தினமும் கேட்ட பேரு, கைகாட்டியில பாக்கும்போது ஒரு மாதிரி இருந்துச்சு.

கிருஷ்ணகிரி மாங்கா

அண்ணா, நாங்க காலேஜ் பொண்ணுங்க நாலு பேரு மாசிக்கு மேல தேன்கனிக்கோட்டை – அஞ்செட்டி மட்டும் நடக்கலாம்னு பேசிகிட்டு இருக்கோம். கொப்புளத்துக்கு என்ன செஞ்சீங்க? புது ஷூ வாங்கணுமா? ஒகேனக்கல்ல போய் ஆயில் மசாஜ் பண்ணா எல்லாம் சரியாயிடும்னு என் மாமா சொல்றார், நிஜமா?

பிசியோ பாலக்கோடு

இதுக்கு நான் பதில் சொல்றேன், தொழிலே இதுதான்.

புது ஷூ வாங்கினா குறைஞ்சது ஒரு மாசம் போட்டுப் பழக்குங்க. நடக்க நடக்க பாதம் வீங்கும், அதனால சாயங்காலம் போய் வாங்குங்க, பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல்கடை இடம் விடுங்க. நகத்தை ஒட்ட வெட்டிடுங்க. ராயக்கோட்டையான் சொன்ன இறக்கத்துல நகம் இடிச்சு அடியில ரத்தம் கட்டிக் கறுத்துடும். கறுத்த நகம் சில வாரத்துல தானா கழண்டு விழலாம், பயப்பட வேண்டாம். முழுசா வளர ஒரு வருசத்துக்கு மேலகூட ஆகும்.

கொப்புளம் வரதுக்கு முன்னால ஒரு இடம் சுர்ருன்னு சுடும். "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்"னு நடக்காதீங்க. அங்கயே உக்காந்து, துடைச்சு காய வெச்சு, பிளாஸ்திரி ஒட்டுங்க. சின்னக் கொப்புளத்தை உடைக்காதீங்க. பெருசா விம்மி நடக்கவே விடலைன்னா சுத்தம் பண்ணின ஊசியால ஓரத்துல குத்தி நீரை மட்டும் எடுங்க, மேல் தோலைப் பிய்க்காதீங்க. ஊசியில நூல் கோத்து உள்ளயே விட்டுடற பழக்கம் பாதயாத்திரைக்காரங்ககிட்ட உண்டு. வேண்டாம், சீழ் பிடிக்கும். சர்க்கரை உள்ளவங்க சொந்தமா எதையும் குத்தாதீங்க.

இறக்கத்துல வலிக்கிறது எதுக்குன்னா, தொடைத் தசை நீண்டுகிட்டே உடம்பு பாரத்தைப் பிடிச்சு நிறுத்துது. அந்த வலி மறுநாளும் அதுக்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். ஊர் போய்ச் சேந்த அன்னிக்கு "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னவங்க மறுநாள் படியில பின்பக்கமா இறங்குவாங்க. ஒரு கம்பு கையில இருந்தா முட்டிக்குப் பாரம் குறையும்.

ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ் மாமாவுக்கு சுகமா இருக்கும், தப்பில்ல. ஆனா கொப்புளம் உடைஞ்ச காலுல எண்ணெய் வேண்டாம். பலகையில படுக்க வெச்சு டமால் டமால்னு தட்டறதை, நடந்து முடிச்ச அன்னிக்கே தொடையில வாங்கிக்காதீங்க. ஒரு காலு மட்டும் வீங்கி கெண்டைச்சதை சூடா வலிச்சாலோ, சிறுநீர் டீ டிக்காஷன் கலர்ல போனாலோ மசாஜும் வேண்டாம், வீட்டு வைத்தியமும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

சித்தேரிப் பையன்

எல்லாரும் மேற்குப் பக்கமே பேசறீங்க. எங்க பக்கமும் மலை இருக்குங்க. பாப்பிரெட்டிப்பட்டியிலேர்ந்து சித்தேரி, அரூர், அப்படியே தீர்த்தமலை. யானைக் கூட்டம் ரோட்டை மறிக்கிற கதை இங்க கிடையாது. நைட்ஷிப்ட் அண்ணன் கேக்கிற மாதிரி கால் தொடர்ச்சியா மண்ணுல பட நடக்கலாம். முடியற இடத்துல தீர்த்தமலை படி ஏறி ராமர் தீர்த்தத்துல தலையை நீட்டினா அலுப்பு போயிடும். எங்க மலையாளி ஜனங்க (மலைப் பழங்குடி, கேரளாக்காரங்க இல்ல) ஊருக்கு "வளவு"ன்னு பேரு வரும், ஆலமரத்துவளவு மாதிரி. சாமைச் சோறு கிடைக்கும்.

ஒண்ணே ஒண்ணு. கலசப்பாடி, அரசநத்தம் போற பாதை வாச்சாத்தி வழியா ஏறுது. வாச்சாத்தி என்னன்னு தெரியாத பசங்களுக்காக சொல்றேன். 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடறோம்னு வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊருக்குள்ள புகுந்தாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. குற்றம் சாட்டப்பட்டது 269 பேர். தீர்ப்பு வரதுக்குள்ள 54 பேர் செத்துட்டாங்க, மிச்சம் 215 பேருமே குற்றவாளின்னு 2011-ல தருமபுரி கோர்ட் சொல்லிச்சு. 2023 செப்டம்பர்ல ஹைகோர்ட் அதை உறுதி பண்ணிச்சு. அதனால காக்கி பேன்ட், பச்சை மிலிட்டரி டிசைன் சட்டை போட்டுகிட்டு மூட்டையோட வராதீங்க. எங்க பெரியவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எழுந்து உள்ள போயிடுவாங்க. கேமராவைத் தூக்கிகிட்டு "அந்தச் சம்பவம் எங்க நடந்துச்சு"ன்னு கேக்காதீங்க.

ஓசூர் நைட்ஷிப்ட்

தம்பி, அந்த உடுப்பு விஷயம் எனக்குத் தோணியே இருக்காது. நன்றி. என்கிட்ட இருக்கிற ட்ரெக்கிங் பேன்ட் ரெண்டுமே காக்கிதான்.

ராயக்கோட்டையான், நான் சொன்னதுலேர்ந்து மாறல. ஆனா அஞ்செட்டிக்காரர் சொன்னதைப் படிச்சப்புறம் இப்படிச் சொல்றேன்: "தளி – ஒகேனக்கல் நடந்தேன், நாட்றாம்பாளையத்துக்கு அப்புறம் ஒரு துண்டு பஸ்"னு போடுங்க. அதுல குறையில்ல. "முழுசா நடந்தேன்"னு போட்டா பின்னால வர்ற பசங்க அதைப் பாத்து வாட்சர் பேச்சை மீறுவாங்க. எனக்கு அதுதான் பயம்.

அந்தத் துண்டை வேற மாசத்துல போய் நடந்துட்டு வந்துடலாமே? கோடையில யானை இருக்காதுல்ல?

அஞ்செட்டிப் பக்கம்

கோடையிலதான் தம்பி மோசம். மேல குட்டை எல்லாம் வத்திடும், அதெல்லாம் காவிரித் தண்ணிக்கு இறங்கும். நீங்க நடக்கணும்னு சொல்ற ரோடு அந்த இறக்கத்துலதான் போகுது. மழை பேஞ்சா காடு தழைஞ்சு பத்தடி தள்ளி நிக்கிறதுகூடத் தெரியாது. யானை இல்லாத மாசம்னு எங்களுக்கு எதுவும் தெரியாது.

நடந்தே ஆகணும்னா நாட்றாம்பாளையத்துல முதல் நாளே வந்து தங்குங்க. காலையில வெளிச்சம் நல்லா வந்த பின்னாடி, அந்தப் பக்கம் போற ஆளுங்களோட சேர்ந்து கிளம்புங்க. வாட்சர் கிட்ட சொல்லிட்டுப் போங்க. அவர் வேண்டாம்னா அன்னிக்கும் பஸ்ஸுதான்.

பென்னாகரம் டீச்சர்

மாங்கா என்ற பெயரில் எழுதிய பெண்ணுக்கு: நான்கு பேர் போகிறீர்கள் என்றால் எனக்கும் சொல்லுங்கள். முழுதும் நடக்க என் முட்டி ஒத்துழைக்காது. ஆனால் அஞ்செட்டியில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள், தங்க வீடு பார்த்துத் தருகிறேன். காகிதப்புலி சொன்ன 27-ஆம் பிரிவை அச்செடுத்துக் கொண்டு போகாதீர்கள், யாரிடமும் அதை நீட்டும் அவசியம் வராது. குடிக்கத் தண்ணீர் மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் இருக்கட்டும். மலை இறக்கத்தில் நடுவில் கடை கிடையாது.

ராயக்கோட்டையான்

நைட்ஷிப்ட் சொன்னபடி தலைப்பை மாத்த முடியுமான்னு பாத்தேன், பதில் வந்துட்டா இங்க மாத்த விடாது போல. முதல் பதிவுலயே பஸ்ஸு விஷயம் தெளிவா இருக்கு, அது போதும்னு விட்டுட்டேன். அந்தத் துண்டுக்காக மட்டும் திரும்பப் போகப் போறதில்ல. போனா அஞ்செட்டிக்காரர் வீட்டுப் பரண்ல ஒரு ராத்திரி உக்காந்துட்டு வரத்தான் போவேன், அவர் விட்டா.

சித்தேரித் தம்பி, பங்குனி வெயிலுக்கு முன்னால உங்க பக்கம் வரலாம்னு இருக்கேன். பாப்பிரெட்டிப்பட்டியிலேர்ந்து மேல ஏறற ரோட்டுல முதல் தண்ணி எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. பிசியோ சார், இடது பெருவிரல் நகம் நீங்க சொன்ன மாதிரியே கறுத்துடுச்சு. ஷூ ஒரு சைஸ் பெருசு வாங்கலாமா, ரெண்டா?

பிசியோ பாலக்கோடு

ஒண்ணு போதும். ரெண்டு வாங்கினா குதிகால்ல கொப்புளம் வரும்.